எதற்குப் பதிலாக என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில் வரும் இயற்கை உணவுப் பக்கத்தை ஐந்து ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். படிப்பதோடு நிற்பதில்லை. கத்தரித்து, தேதி எழுதி, ஒரு கோப்பில் அடுக்கி வைக்கிறேன். கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவளுக்கு எந்தக் காகிதத்தையும் தேதியில்லாமல் வைக்க மனம் வராது. இந்தக் கடிதம் எழுத உட்காரும் முன் அந்தக் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே விஷயம் விடுபட்டிருக்கிறது.

ஒவ்வொரு வாரமும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். ஒரு வாரம் பாதாம், ஒரு வாரம் தேன், அடுத்த வாரம் பேரீச்சை, அப்புறம் ஆளி விதை, அப்புறம் பழச்சாறு. ‘தினசரி உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வரி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. எதை எடுத்துவிட்டு அதைச் சேர்ப்பது என்று சொல்லும் கட்டுரை ஒன்றுகூட என் கோப்பில் இல்லை.

இது சின்ன விடுபடல் என்று தோன்றலாம். எனக்கு இதனால் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற கையோடு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். மாத்திரை இப்போது வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் கவனியுங்கள் என்றார் மருத்துவர். எனக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது. இனிமேல் அலுவலகம் இல்லை, நேரம் இருக்கிறது, கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பைத்தான் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டேன்.

காலையில் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தேன். பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி பாதாம். மதியத்துக்கு மேல் ஐந்து பேரீச்சை. மாலையில் ஒரு தம்ளர் ஆரஞ்சுச் சாறு, வீட்டில் பிழிந்தது, சர்க்கரை போடாதது. எல்லாமே இயற்கை. ஒருநாள் தவறவில்லை. மற்றபடி காலை, மதியம், இரவுச் சாப்பாடும் நாலு மணித் தேநீரோடு நாலு பிஸ்கட்டும் எப்போதும்போல நடந்துகொண்டிருந்தன. அவற்றைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

எட்டு மாதம் கழித்து எடை நான்கு கிலோ கூடியிருந்தது. 6.1 என்பது 6.4 ஆகியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன். சோம்பேறித்தனத்தால் வந்த முடிவு என்றால் தாங்கியிருப்பேன். ஒழுங்காக, மனதார, ஒருநாள் விடாமல் செய்து இப்படி ஆனதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, தெரிந்த தொழிலையே கையில் எடுத்தேன். நோட்டை விரித்து, புதிதாகச் சேர்த்ததை மட்டும் தனியாக எழுதிக் கூட்டினேன். தேன் 60 கிலோ கலோரி, பாதாம் 30 கிராம் 170, பேரீச்சை 110, ஆரஞ்சுச் சாறு 110. ஒரு நாளைக்கு 450. ஒரு குட்டிச் சாப்பாட்டை நாள்தோறும் கூடுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சர்க்கரையைத் தனியாகக் கூட்டினால் இன்னும் தெளிவாயிற்று. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் கணக்கில் தேனில் உள்ள சர்க்கரையும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் சேரும். முழுப் பழத்தில் உள்ளது சேராது. இது எனக்கு அதுவரை தெரியாது. என் தேனும் சாறும் மட்டுமே கிட்டத்தட்ட 38 கிராம். தேநீரில் சர்க்கரை போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆன பெருமையில் இருந்தவள் நான்.

கணக்கெழுதுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது, ஒரு பக்கம் பதிந்தால் மறுபக்கமும் பதிய வேண்டும் என்பது. பற்று இருந்தால் வரவு இருக்கும். முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் பேரேட்டில் அதைப் பார்த்துப் பார்த்துச் சரி செய்தவள், என் தட்டில் ஒற்றைப் பக்கம் மட்டும் பதிந்துகொண்டே போயிருக்கிறேன். உங்கள் பக்கமும் அதைத்தான் செய்கிறது, ஐயா.

நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் ‘வந்தது’, வலப்பக்கம் ‘போனது’. வலப்பக்கம் நிரம்பாத எதுவும் என் தட்டுக்கு வரக்கூடாது என்று முடிவு செய்தேன். பாதாம் வந்தது, நாலு மணி பிஸ்கட் போனது. முழு ஆரஞ்சு வந்தது; சாறு போனது. ஒரு தம்ளர் சாற்றுக்கு மூன்று பழம் பிழிவேன், ஒரே மூச்சில் குடிப்பேன். முழுதாகச் சாப்பிடும்போது ஒரு பழத்திலேயே போதும் என்றாகிவிடுகிறது. சக்கையில் உள்ள நார்ச்சத்தும் வயிற்றுக்குள் போகிறது. மதியத் தட்டில் அரைப்பங்கு காய்கறி வந்தது. தானியத்தில் பாதி போனது. பேரீச்சை இரண்டாகக் குறைந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தேடும் இனிப்பின் இடத்துக்குப் போயிற்று. தேனுக்கு வலப்பக்கம் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். அப்புறம் தேனையே வலப்பக்கம் எழுதினேன்.

இயற்கை உணவின் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. அது முழுப் பலன் தருவது தட்டில் ஏற்கெனவே இருப்பதன் இடத்தைப் பிடிக்கும்போதுதான். இதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அது. 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. பதப்படுத்தாத உணவில் அதே அளவு குறைந்தது. முழுத் தட்டையும் மாற்றியதில் கிடைத்த பலன் அது. பழைய தட்டின் மேல் ஒரு கைப்பிடி பாதாமைத் தூவியிருந்தால் கிடைத்திருக்காது.

பொட்டலத்தில் ‘இயற்கை’ என்று அச்சிட்டிருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிஸ்கட்டுக்குப் பதிலாக ‘இயற்கைத் தானிய’ பிஸ்கட் வாங்கலாமே என்று ஒருமுறை நினைத்தேன். பின்பக்கத்தில் மூலப்பொருட்கள் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்கும். நான் எடுத்ததில் முதலில் மைதா, இரண்டாவது சர்க்கரை, தானியம் ஐந்தாவது. திரும்ப வைத்துவிட்டேன். அப்படிப் படிக்கச் சொல்லித் தரும் கட்டுரை ஒன்று வந்தால் மிகவும் நல்லது.

தன்னை மேம்படுத்திக்கொள்வது பற்றி அதே இணைப்பில் வரும் கட்டுரைகளிலும் இதே குறை இருக்கிறது. அதிகாலையில் எழுங்கள், அரைமணி நடங்கள், அரைமணி வாசியுங்கள், தியானம் செய்யுங்கள் என்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு நாளுக்கு 24 மணிதான். நடையை நான் நாலுமுறை ஆரம்பித்து நாலுமுறை விட்டேன். ஐந்தாவது முறை நோட்டில் எழுதும்போதுதான் கவனித்தேன்: ‘வந்தது: மாலை நடை’. எதிரே காலி. அந்த அரைமணி எங்கிருந்து வரும்? ஏழு மணித் தொடர் ஒன்றை நான்கு வருடமாகப் பார்த்துவந்தேன். அதை வலப்பக்கம் எழுதக் கை வரவில்லை. அதில் வரும் குடும்பம் என் குடும்பம்போல ஆகியிருந்தது. ஆனால் எழுதினேன். அன்றிலிருந்து நடை விடாமல் தொடர்கிறது.

இன்னொன்று. ‘21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும்’ என்று உங்கள் இணைப்பில் இரண்டுமுறை வந்திருக்கிறது, நறுக்குகள் என்னிடம் உள்ளன. முதல்முறை பிஸ்கட்டை நிறுத்தியபோது நான் 22-ஆம் நாள் காலையில் ஆவலோடு எழுந்தேன். நாலு மணிக்கு அதே தவிப்பு. நமக்கு மனவுறுதி கிடையாது என்று முடிவுகட்டி, டப்பாவைத் திறந்துவிட்டேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பிறகுதான் அறிந்தேன். ஒரு புதிய பழக்கம் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள்வரை ஆகலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. நடுவில் ஒருநாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை என்றும் கண்டார்கள். இதை முன்பே படித்திருந்தால் 22-ஆம் நாள் என்னை நானே அவ்வளவு திட்டிக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டாம்முறை பிஸ்கட் நினைப்பே வராமல் நாலு மணி கடந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறேன். அது 74-ஆவது நாள்.

கடைசியாக, என் அண்ணனைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர் அவர். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். நான்தான் கோப்பிலிருந்து ஒரு நறுக்கை எடுத்துக் கொடுத்தேன்: தினமும் காலையில் ஒரு தம்ளர் பச்சைக் கீரைச் சாறு. மூன்று வாரம் குடித்தார். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் வழக்கமான பரிசோதனையில் அளவு பாதுகாப்பான வரம்புக்குக் கீழே போயிருந்தது. பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே நிறைய உண்டு. அது அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். கீரையே கூடாது என்று மருத்துவர் சொல்லவில்லை. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள், திடீரென்று கூட்டாதீர்கள் குறைக்காதீர்கள், கூட்டுவதானால் என்னிடம் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள் என்றார். பரிசோதனை நாள் ஒரு மாதம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையில் ‘பக்கவிளைவு இல்லாதது’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. சிறுநீரகம் பழுதானவர்கள் பலர் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பழச்சாறு ஆபத்தாகலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. இவையெல்லாம் மருத்துவர்கள் நன்றாக அறிந்தவை. ஒரு வரி இடம் போதும்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு உணவுக் கட்டுரையின் கீழும் இரண்டு வரி சேருங்கள். முதல் வரியில், இதை எதற்குப் பதிலாக, எவ்வளவு சாப்பிடலாம். இரண்டாம் வரியில், யார் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. இடம் இல்லையென்றால் கட்டுரையின் மேலே வரும் பெரிய படத்தைக் கொஞ்சம் சுருக்குங்கள். பாதாம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

சென்ற மாதம் எடுத்த பரிசோதனையில் எனக்கு 5.8. எடை, ஓய்வு பெற்றபோது இருந்ததைவிட ஒரு கிலோ குறைவு. இன்னும் இயல்புக்குள் வரவில்லை, நோட்டும் முடியவில்லை. அதன் முதல் மூன்று பக்கங்களை நகல் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அவற்றைப் பிரசுரிக்க வேண்டாம். அந்தப் பக்கத்தைத் தயாரிப்பவர் ஒருமுறை பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கணக்காளர்