பில் ரோல் பெட்டியில என்ன கெமிக்கல்னு எழுதிப் போடணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் டப்பாவுல சூடா சாம்பார் வாங்காதீங்கன்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரையைப் படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல சொன்ன அதே பிஸ்பீனால் ஏ (பிபிஏ)ங்கிற கெமிக்கல் பில் பேப்பர்லயும் இருக்கலாம், அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே. நான் மதுரையில ஒரு சூப்பர் மார்க்கெட்ல 9 வருஷமா பில் போடுறேன். தீபாவளி வாரத்துல ஒரு நாளைக்கு 400 பில்லுக்குக் குறையாம கிழிச்சுக் குடுப்பேன்.

அந்தப் பேப்பரை நகத்தால ஒரு கீறு கீறிப் பாருங்க, கருப்பா கோடு விழும். இங்க்கே கிடையாது. நிறமில்லாத ஒரு சாயமும் அதைக் கருப்பாக்குற ஒரு கெமிக்கலும் பேப்பர் மேலயே பூசியிருக்கும், மிஷின் சூடு பட்ட இடத்துல ரெண்டும் உருகிச் சேர்ந்து எழுத்தாகுது. கருப்பாக்குற அந்த ஆளு ரொம்ப காலமா பிஸ்பீனால் ஏ தான். பிளாஸ்டிக்ல அது ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு இறுகிக் கிடக்கும், பில்லுல சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும், தொட்டா கையோட வந்துரும். சானிடைசர் ஈரத்தோட பில்லைப் பிடிச்சா உடம்புக்குள்ள போற அளவு கூடுதுன்னு 2014லயே அமெரிக்காவுல மிசோரி பல்கலைக்கழகத்துல காட்டிட்டாங்க. கொரோனா சமயத்துல நாங்க நிமிஷத்துக்கு ஒருதரம் சானிடைசர் போட்டுக்கிட்டுத்தான் பில் கிழிச்சோம்!

இதெல்லாம் கெமிஸ்ட்ரி படிக்கிற என் பையன் சொல்லித்தான் தெரியும். அவன் சொன்னதுல என்னைத் தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, இந்த பிஸ்பீனால் ஏ பொம்பளைங்க ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யும்னு 1936லயே லண்டன்ல சார்லஸ் டாட்ஸ்ங்கிற விஞ்ஞானி எலிக்குப் போட்டுப் பாத்துச் சொல்லிட்டாராம். மருந்தாக்குற அளவுக்கு வீரியம் இல்லன்னு விட்டாங்க, 1950கள்ல பிளாஸ்டிக் கம்பெனிங்க எடுத்துக்கிச்சு. 2023ல தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒரு நாளைக்கு இவ்வளவு தான் உள்ள போகலாம்ங்கிற அளவை 20,000 மடங்கு குறைச்சுச்சு. கிட்டத்தட்ட 90 வருஷம் சார்!

பில் பேப்பர்ல போடக்கூடாதுன்னு ஐரோப்பா 2020லயே தடை போட்டுச்சு, உடனே நிறைய கம்பெனி பிஸ்பீனால் எஸ்க்கு மாறுனாங்க. ரெண்டோட மூலக்கூறு படத்தையும் பையன் வரைஞ்சு காட்டுனான், ரெண்டு பக்கமும் அதே வளையம், நடுவுல மட்டும் கார்பனுக்குப் பதிலா கந்தகம். அண்ணன் திருடன்னு தெரிஞ்சதும் தம்பிக்கிட்ட சாவியைக் குடுத்த கதைதான், லேப்ல தம்பியும் ஈஸ்ட்ரோஜன் வேலை காட்டுறான்.

இதை முன்கூட்டியே கணிக்க முடியாதான்னா, முடியும். அமெரிக்காவுல டாக்ஸ்காஸ்ட்னு ஒரு திட்டம், 2007ல இருந்து நடக்குது, ஆயிரக்கணக்கான கெமிக்கலை ரோபோ வெச்சு சின்னச் சின்னக் குழியில இருக்கிற செல்லு மேல விட்டு எது ஹார்மோன் மாதிரி ஒட்டுதுன்னு பாத்துக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறாங்க. அது சந்தேகத்தை மட்டும்தான் சொல்லும், நிஜத்துல கை வழியா எவ்வளவு போகுதுங்கிறது வேற கணக்கு, பில்லைத் தொட்டாலே வியாதின்னு நானும் பயமுறுத்தல. ஆனா ஒரு கெமிக்கலை எடுத்துட்டு அதே வீட்டு ஆளை உள்ள விடாம இருக்க அந்தச் சந்தேகமே போதுமே. ஐரோப்பாவுல ரீச்னு ஒரு கெமிக்கல் சட்டம், அதுல டேட்டா இல்லன்னா மார்க்கெட் இல்லன்னே இருக்காம். இங்க குழந்தைங்க பால் புட்டிக்குத் தரக்கட்டுப்பாட்டுல பிஸ்பீனால் ஏ கூடாதுன்னு இருக்கு, பில்லை வாயில கவ்விக்கிட்டு அம்மா இடுப்புல போற குழந்தைய நான் தினம் பாக்குறேன்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ரோல் வர்ற பெட்டியில உள்ள என்ன கெமிக்கல்னு அச்சடிக்கச் சொல்லுங்க, "பிபிஏ இல்லை"ன்னு மட்டும் போட்டா பத்தாது, பதிலுக்கு எதைப் போட்டீங்கன்னும் சொல்லணும். எங்க கடையில க்ளவுஸ் கேட்டிருக்கேன், கஸ்டமர் என்ன நினைப்பாங்களோன்னு ஓனர் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கார்.

இப்படிக்கு,
பில்லிங் கவுண்டர் ஊழியர்,
மதுரை