பள்ளிப் பிள்ளைகளுக்கான உடல்நலத் தகவல் செயலி தொடர்பான கோரிக்கை மனு

நாள்: 7.2.2022
இடம்: காசிமேடு, சென்னை

அனுப்புநர்:
மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்,
காசிமேடு, வட சென்னை.

பெறுநர்:
உயர்திரு துணை ஆணையர் (கல்வி) அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: கொரோனா காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் உடனே தெரிந்துகொள்ள ஒரு செயலி வேண்டுதல், அதை எங்களையும் கேட்டு வடிவமைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ரேஷன் கார்டில் பெயர் திருத்தமோ, முதியோர் பென்ஷனோ, எங்கள் தெருவில் எந்த மனுவாக இருந்தாலும் என்னிடம்தான் எழுத வருவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்ததற்குக் கிடைத்த பதவி அது. இந்த மனுவை எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. ஜனவரியில் மறுபடி மூடி, இந்த மாதம் 1-ஆம் தேதி திறந்தார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு ஜனவரி 21-ஆம் தேதி பாசிட்டிவ் வந்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ஒரே வாசல். பள்ளி திறந்த அன்று விடியற்காலை மீன் ஏலத்துக்குக் கிளம்பும் நேரத்தில் எனக்கு இருந்தது ஒரே கேள்விதான்: பிள்ளையை அனுப்பலாமா, வேண்டாமா?

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஆடியோ 14 நாள் தனிமை என்றது. இன்னொன்று 7 நாள் போதும் என்றது. நெகட்டிவ் சர்ட்டிபிகேட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்று எதிர் வீட்டு அக்கா சொன்னார். சரி, பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையையே பார்த்துவிடலாம் என்றால் அது பிடிஎப். போனில் இடமில்லை என்று காட்டியது. மகளின் ஆன்லைன் வகுப்பு வீடியோக்களை அழித்துவிட்டுத் திறந்தேன். பக்கங்களைப் படுக்கை வாட்டில் ஸ்கேன் செய்திருந்தார்கள். படிக்கலாம் என்று போனைத் திருப்பினால், பக்கமும் கூடவே திரும்பிக்கொண்டது. தெருவுக்கே மனு எழுதுகிறவளுக்கு இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் அனுப்பவில்லை. ஒரு வாரம் போனது. அப்புறம்தான் தெரிந்தது, மத்திய சுகாதார அமைச்சகம் ஜனவரி 5-ஆம் தேதியே விதியை மாற்றிவிட்டது என்று. லேசான தொற்று உள்ளவர் பாசிட்டிவ் ஆகி 7 நாள் கழிந்து, தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இல்லையென்றால் தனிமையை முடித்துக்கொள்ளலாம். மறுபரிசோதனை தேவையில்லை. அந்தக் கணக்கில் நாத்தனாருக்கு 28-ஆம் தேதியே முடிந்துவிட்டது. தகவல் எங்கேயோ இருந்தது, எங்கள் வாசலுக்குத்தான் வரவில்லை.

ஆகவே எங்களுக்கு வேண்டிய செயலியின் முதல் பக்கத்தில் தலைவர்கள் படமும் வரவேற்புரையும் வேண்டாம். “இன்று பிள்ளையை அனுப்பலாமா?” என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளைக்குக் காய்ச்சல், இருமல் உண்டா, வீட்டில் யாருக்காவது பாசிட்டிவா, எந்தத் தேதியில் என்று இரண்டு மூன்று கேட்டுவிட்டு, அனுப்பலாம் என்றோ, இந்தத் தேதி வரை வேண்டாம் என்றோ அதுவே நாளைக் கணக்கிட்டுச் சொல்லட்டும். மூச்சு வாங்குகிறது என்று அழுத்தினால் வேறெதுவும் கேட்காமல் 108-க்கு அழைப்பு போக வேண்டும். மற்ற சந்தேகங்களுக்கு 104 மருத்துவ ஆலோசனை எண்ணும், எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை மணிக்குப் பரிசோதனை என்பதும் இருந்தால் போதும். பதிலுக்கு மேலேயே அது யாருடைய உத்தரவு, எந்தத் தேதியிட்டது என்று இருக்க வேண்டும். விதி மாறிய அன்றே பழைய பதில் மறைய வேண்டும். வாட்ஸ்அப்பில் பழைய ஆடியோ சாவதே இல்லை. அதுதான் எங்கள் பிரச்சினை.

தடுப்பூசிக்கும் தனியாக ஒரு இடம் ஒதுக்கலாம். ஜனவரி 3 முதல் 15 வயது ஆனவர்களுக்குப் போடுகிறார்கள். என் மகளுக்கு எப்போது என்று வாரம் ஒரு வதந்தி வருகிறது.

அடுத்தது, போன். எங்கள் வீட்டில் தொடுதிரை போன் ஒன்றுதான். அது கணவரோடு கடலுக்குப் போய்விடும். விசைப்படகு கரை திரும்ப ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். வீட்டில் மிஞ்சுவது பட்டன் போன். செயலி எத்தனை பேர் போனில் ஏறியது என்று மட்டும் எண்ணினால் எங்கள் வீடும் அந்தக் கணக்கில் வந்துவிடும், தகவல் மட்டும் நடுக்கடலில் இருக்கும். அதனால் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் குரலில் கேட்டு, அதே பதிலைச் சொல்லும் ஏற்பாடும் கட்டாயம் வேண்டும். அலுவலகத் தமிழில் இல்லாமல், பேசுகிற மாதிரி நிதானமாகச் சொல்ல வேண்டும். மாநகராட்சியில் தெலுங்கு, உருது வழிப் பள்ளிகளும் இருப்பதால் அந்த மொழிகளிலும் வேண்டும்.

இனி எழுதுவதுதான் எங்களுக்கு முக்கியம். 2020-இல் எங்கள் பக்கத்துச் சந்தில் கொரோனா வந்த ஒரு வீட்டை யாரும் போய்வராதபடி தகரம் அடித்து மறைத்தார்கள். தகரத்தை எடுத்து மாதங்கள் ஆன பிறகும் அந்த வீட்டுப் பையனைப் பிள்ளைகள் ‘தகரம்’ என்றே கூப்பிட்டார்கள். வகுப்பில் ஒட்டி உட்கார யாரும் முன்வரவில்லை. கேள்வி கேட்க வருகிறவரிடம் பெயர், ஆதார், இருக்கும் இடம் எதையும் செயலி கேட்கக் கூடாது. பிள்ளைக்குத் தொற்று என்று பெற்றோரே தெரிவித்தாலும், வகுப்பு ஆசிரியருக்கு ‘இந்தத் தேதி வரை வராது’ என்பது மட்டும் போகட்டும். வருகைப் பதிவு ஏற்கெனவே பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையப் பதிவில் ஏறுகிறது. அதையே எங்களிடம் இன்னொரு முறை கேட்க வேண்டியதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்ததாகப் படித்திருக்கிறேன். ஒற்றை அறை வீட்டுக்காரர்களுக்கும் அது பொருந்தும் என்றுதான் நம்புகிறோம்.

செயலியை முழுதாகச் செய்து முடித்துவிட்டு எங்களிடம் காட்ட வேண்டாம். திரைகளைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வாருங்கள். நாலு அம்மாக்கள் கையில் கொடுத்து, விரல் எங்கே தயங்கி நிற்கிறது என்று பாருங்கள். ஏலம் முடிந்து, கூடையைக் கழுவி வைத்துவிட்டுக் காலை 11 மணிக்கு மேல் நாங்கள் வந்துவிடுவோம்.

தயவுசெய்து ஏப்ரல் 15-க்கு முன்பே இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். அன்று முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்களும் போன்களும் கரையில் இருப்பார்கள். அப்போது வந்து பார்த்தால் எல்லா வீட்டிலும் போன் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள்.

எந்த நாளில் வருகிறீர்கள் என்று பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் சார்பாக
(கையொப்பம்)

இணைப்பு: பெற்றோரின் கையொப்பமும் கைநாட்டும் – 2 தாள்.
நகல்: மாநகர நல அலுவலர் அவர்கள், ரிப்பன் மாளிகை.