உன் பஸ் மட்டும் ஏன் தாமதம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் சலித்துக்கொண்டாயே, "10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று போர்டில் போட்டிருக்கிறது, எனக்கு மட்டும் கால் மணி நேரம் ஆகிறது, என் ராசி அப்படி" என்று. அந்த 'ராசி'தான் உறுத்தியது. போனை வைத்ததும் கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பிராதை அவளிடமே கேட்டுக்கொள்.

10 நிமிஷ இடைவெளி என்றால் சராசரியாக 5 நிமிஷம் நிற்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறோம். பஸ்கள் கடிகாரம் மாதிரி வந்தால் அது சரி. ஆனால் ஒரு பஸ் 5 நிமிஷத்தில், அடுத்தது 15 நிமிஷத்தில் என்று மாறி மாறி வந்தால்? அப்போதும் சராசரி 10தான், போர்டு பொய் சொல்லவில்லை.

நோட்டில் வரிசைக்கு 20 கட்டமாக மூன்று வரிசை எடுத்தேன். மொத்தம் 60, ஒரு மணி நேரம். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்தாவது கட்டம் முடியும் இடத்தில் ஒரு கோடு, கடைசியில் ஒரு கோடு, அவை பஸ்கள். கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் குத்தினேன். குத்து விழும் இடம்தான் நீ ஸ்டாப்புக்கு வந்து சேரும் நேரம். 20 குத்தில் 14 பெரிய இடைவெளிக்குள் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? முக்கால்வாசிக் கட்டங்களை அதுதானே அடைத்துக்கொண்டிருக்கிறது!

ஆக, நாலு நாளில் மூன்று நாள் நீ பெரிய இடைவெளியில் மாட்டி, சராசரியாக ஏழரை நிமிஷம் நிற்பாய். மீதி ஒரு நாள் இரண்டரை. நாலு நாளையும் கூட்டி நாலால் வகுத்தால் 6.25 நிமிஷம். இடைவெளி 2, 18 என்று இன்னும் கோணலானால் 8.2. எந்த ஒழுங்கும் இல்லாமல் பஸ்கள் தன்போக்கில் வந்தால் முழு 10 நிமிஷம். நீ சொன்ன கால் மணி கொஞ்சம் மிகைதான், ஆனாலும் உன் எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

பஸ்கள் ஒழுங்காக வராததற்கு டிரைவரைத் திட்டாதே. ஒரு பஸ் சற்றுத் தாமதமானால் ஸ்டாப்பில் ஆள் சேர்ந்துவிடும். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் அது இன்னும் பின்தங்கும். அடுத்து வரும் பஸ்ஸுக்கு ஏற்றிக்கொள்ள ஆளே இல்லை, விறுவிறுவென்று வந்து முதல் பஸ்ஸின் வாலைப் பிடித்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-லேயே இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டிவிட்டார்கள்.

நெரிசலும் இதே கதைதான். ஒரு பஸ்ஸில் 90 பேர், இன்னொன்றில் 10 பேர். கம்பெனிக்காரர் சராசரி 50 என்பார். பயணிகளைக் கேட்டால் நூற்றில் 90 பேர் 'மூச்சு முட்டுகிறது' என்பார்கள். அவரவர் தன் பஸ்ஸில் எத்தனை பேர் என்று சொல்லி, அந்த நூறு பதில்களுக்கும் சராசரி எடுத்தால் 82 வரும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அப்புறம், "இங்கே எல்லோருக்கும் என்னைவிட நண்பர்கள் அதிகம்" என்று மெல்ல ஒன்று சொன்னாய். கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன். ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-ல் எழுதியது அதைப் பற்றித்தான்: பெரும்பாலானவர்களுக்குத் தங்களைவிடத் தங்கள் நண்பர்களுக்கே நண்பர்கள் அதிகம். 50 நண்பர்கள் உள்ளவன் 50 பேருடைய பட்டியலில் இருப்பான், இரண்டே பேர் உள்ளவன் இரண்டு பட்டியலில்தான். உன் கண்ணில் யார் படுவான், நீயே சொல்.

சரி, நாளைக்கு ஒன்று செய். பிதுங்கி வழியும் பஸ் வந்தால் உடனே தொற்றாமல், பின்னால் எட்டிப் பார். காலியாக இன்னொன்று வந்துகொண்டிருக்கலாம். எத்தனை நிமிஷம் நின்றாய் என்று தினமும் குறித்து இரண்டு வாரம் கழித்து அனுப்பு. நோட்டில் அதற்கு ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா