'அடுத்த வாரம் வாம்மா'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான தடுப்பூசி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஊசியைப் பாதியில் விட்டுவிடும் ஏழைப் பெற்றோரை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. பல வருடம் தடுப்பூசி அறையில் வேலை பார்த்தவள் நான். என்னால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் பார்த்தவர்களில் பாதியில் நின்றுபோன பலர், குழந்தை பிறந்த 6-வது வாரத்து ஊசிக்குச் சரியாக வந்தவர்கள்தான். 10-வது வாரமோ 14-வது வாரமோதான் காணாமல் போவார்கள். நம்பிக்கை இல்லாதவர் முதல் தடவையே வந்திருக்க மாட்டாரே!

ஊசி இலவசம், சரி. நாள் கூலிக்குப் போகும் தாய் வரிசையில் அரை நாள் நின்றால் அன்றைய கூலி போச்சு. ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் மறுநாள் கூலியும் போச்சு. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு நாள் லீவு, அவ்வளவுதான்.

வெளியே அதிகம் தெரியாத இன்னொன்றும் உண்டு. காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மைத் தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் பல குழந்தைகளுக்கான அளவில் ஒரே குப்பியில் பொடியாக வரும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்திருக்கும் நாளில் குப்பியைத் திறக்கக் கை வராது. வீணானால் மேலே பதில் சொல்ல வேண்டுமே. "அடுத்த வாரம் வாம்மா" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அப்படி ஒருமுறை அனுப்பியபோது, "அடுத்த வாரம் நாங்க வேற ஊர்ல இருப்போம் சிஸ்டர், அங்கதான் வேலை" என்றாள் ஒரு பெண். சண்டை போடவில்லை. மடிப்பில் கிழிந்திருந்த தடுப்பூசி கார்டை பிளாஸ்டிக் உறைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதே மாதம், காரில் வந்திறங்கிய ஒருவரின் ஒற்றைக் குழந்தைக்காகக் குப்பியைத் திறந்தோம். அவரிடம் 'அடுத்த வாரம்' என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஒரு குழந்தை வந்தாலும் தட்டம்மைக் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

வசதி இருந்தாலே ஊசி முறையாகப் போட்டுவிடுவார்கள் என்றும் இல்லை. ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1998-இல் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான) ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு எழுதிய கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கு அப்புறமும் அந்தப் பயத்தை விடாதவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள். தட்டம்மை பரவாமல் இருக்க ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு ஊசி போட்டிருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு வளையத்தில் ஓட்டை போடுவது பணக்கார வீடாக இருந்தாலும், நோய் முற்றிப்போவது பெரும்பாலும் சத்துக் குறைந்த குழந்தைக்குத்தான். நிமோனியா வரும். வைட்டமின் ஏ குறைவாக இருந்தால் கண்பார்வைகூடப் போகலாம்.

'விழிப்புணர்வு' முகாம்களுக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியை வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலை நேரத்திலும் ஊசி போடுவதற்குச் செலவழிக்கலாம். எந்த ஊரில் தொடங்கிய ஊசியையும் எந்த ஊரிலும் கேள்வி கேட்காமல் தொடர்ந்து போட வேண்டும். கார்டைத் தொலைத்துவிட்டு வருபவரை நாலு பேர் முன்னால் திட்டுவதையும் நிறுத்த வேண்டும். அந்தத் திட்டுக்குப் பயந்தே வராமல் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்