நாள் தள்ளிய பிறகு ஃபோலிக் ஆசிட் தாமதம்தான்

ஆசிரியருக்கு,

கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் ஃபோலிக் ஆசிட் என்ற பி வகை வைட்டமினுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் ‘கருவுற்றதும் சாப்பிட வேண்டும்’ என்று. சிக்கலே அந்தக் ‘கருவுற்றதும்’தான்.

கரு உண்டான 28 நாளுக்குள், மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் மாறப்போகும் நரம்புக் குழாய் மூடிவிட வேண்டும். அது சரியாக மூடத்தான் ஃபோலிக் ஆசிட். மாதவிலக்கு தள்ளிப்போனது தெரியவே அதில் சுமார் 14 நாள் போய்விடும். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருந்து, கார்டில் இரண்டு கோடு பார்த்து, ஆஸ்பத்திரியில் பதிவு போட்டு மாத்திரை கைக்கு வரும்போது அந்தக் கெடு முடிந்திருக்கும். குழாய் கீழே மூடாவிட்டால் முதுகில் கட்டி பிதுங்கும். கால்கள் செயலிழக்கலாம், சிறுநீர் அடங்காமல் போகலாம். மேலே மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் முழுதாக வளராது. அந்தக் குழந்தை பிழைக்காது. பிறகு சாப்பிடும் மாத்திரை இதைச் சரிசெய்யாது.

ஆகவே குழந்தையைத் தள்ளிப்போடாத தம்பதி என்றால், கல்யாணத்தோடு மாத்திரையும் தொடங்க வேண்டும். தினம் 400 மைக்ரோகிராம். கருவுற ஒரு மாதம் முன்பிருந்தாவது, மூன்றாம் மாதம் முடியும்வரை. நான்காம் மாதத்திலிருந்து அரசு 180 நாளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் உண்டு. அது ரத்தம் ஊற. முதல் மாதத்து வேலையை அது செய்யாது.

மெடிக்கல் ஷாப்பில் வெறுமனே ‘ஃபோலிக் ஆசிட்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது 5 மில்லிகிராம். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். தேவையைவிட 12 மடங்குக்கும் மேல். முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய் மூடாத குறை இருந்தவர்களுக்கும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் டாக்டர் எழுதித் தரும் அளவு அது. (வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து.) உடம்பில் வைட்டமின் பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட்டை மட்டும் அதிக அளவில் தின்றால் ரத்தப் பரிசோதனை தேறிவிடும், கைகால் மரத்துப்போவது மட்டும் உள்ளுக்குள் வளரும். சர்க்கரை நோய்க்குப் பல வருடம் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களும் சுத்த சைவர்களும் பி12 பார்த்துக்கொள்வது நல்லது.

சத்து சேர்த்த ரேஷன் அரிசி வந்தால், களையும்போது மேலே மிதப்பதை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் அள்ளி எறிகிறார்கள். அது அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 கலந்து அச்சில் எடுத்த மணி. நூறுக்கு ஒன்று சேர்ப்பார்கள். எறிந்தால் சத்தும் சாக்கடைக்குத்தான். ஆனால் அந்த அரிசியில் ஃபோலிக் ஆசிட் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான். தினம் 300 கிராம் அரிசி சமைத்தாலும் 40-ஐத் தாண்டாது, மாத்திரைக்கு ஈடாகாது. ஃபோலிக் ஆசிட் நீரில் கரைவது. கஞ்சி வடிக்கும் வீட்டில் வடிகஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம்.

கீரைக்கும் அதே கதை. முழுசாக அலசிவிட்டு நறுக்குங்கள், கொஞ்சம் தண்ணீரில் மூடி வேகவிட்டு, அந்தத் தண்ணீரோடு கடையுங்கள். காசிமேட்டு மீன் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் இந்தச் சத்துக்கு காராமணி, பச்சைப்பயறு, வேர்க்கடலை பக்கம்தான் போக வேண்டும்.

இரண்டாவது குழந்தைக்கும் மறுபடி ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல் பிரசவத்தில் மிஞ்சிய அட்டையானால் தேதியைப் பார்த்து.

– மருந்தாளுநர், தண்டையார்பேட்டை