போனை கைல குடுக்கறவன்

குட்டிமா,

இத நான் சொல்லச் சொல்ல, என்ன பாத்துக்க வேலைக்கு வந்திருக்கற தம்பி டைப் பண்றான், அதனால எழுத்துப்பிழை எல்லாம் அவன் கணக்கு, கோவமா இருக்கற எடம் எல்லாம் என் கணக்கு. வாய்ஸ் டைப்பிங் போட்டுப் பார்த்தேன், அது என் தமிழ கொலை பண்ணுது, அப்புறம் அத திருத்தறதுக்கும் இவன்தான் வரணும், எதுக்கு ரெண்டு வேலைன்னு விட்டுட்டேன்.

நீ அனுப்புன பிரெஞ்சு படம், அதான் இன்டச்சபிள்ஸ், கழுத்துக்கு கீழ அசைவில்லாத பணக்காரரும் அவர பாத்துக்க வேலைக்கு வர பையனும், பார்த்தாச்சு. "ஃபீல் குட் படம்பா, உங்களுக்காகவே எடுத்த மாதிரி இருக்கு"ன்னு போட்டிருந்த. உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, இதே கதைதான் 2016ல தோழான்னு நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடிச்சு வந்துச்சு, நாம மூணு பேரும் தியேட்டர்ல போய் பார்த்தோம், இன்டர்வெல் முடிஞ்சு லைட் ஆஃப் ஆகறதுக்குள்ள நான் பாப்கார்னோட படியில ஓடி வந்தேன், நீ கூட கத்துன மெதுவாப்பான்னு. அப்போ நான் படம் பூரா அந்த பையனா வர கார்த்தியாத்தான் உக்காந்திருந்தேன், நாகார்ஜுனா பாவம், அவ்வளவுதான். இந்த தடவை நானே அசைய முடியாம வீல்சேர்ல இருந்து பார்க்கறேன், இதுல அந்த பையனா வர ஓமர் சி எவ்வளவு சிரிக்க வெச்சாலும் என் கண்ணு அந்த படுத்துக் கெடக்கற ஆளு மேலயே போகுது. தலைக்கு தலகாணி சரியா இருக்கா, கால் ஃபுட்ரெஸ்ட்ல இருந்து நழுவுதான்னு. படம் பார்க்கற லட்சணமா இது.

முதல்ல குறைய சொல்லிடறேன். அந்த பையன் இவர் கால்ல கொதிக்கற டீய ஊத்தி ஊத்தி பார்க்கறான் பாரு, உணர்ச்சியே இல்லையான்னு ஆச்சரியப்பட்டுகிட்டு, அதுக்கு நீ விழுந்து விழுந்து சிரிச்சிருப்ப. உங்கம்மா சோபால இருந்து எந்திரிச்சே நின்னுட்டா. உணர்ச்சி இல்லன்னா வலிதான் தெரியாது, தோல் வேகாம இருக்குமா? போன மழைக்காலத்துல ஹாட் வாட்டர் பேக் என் தொடை மேல இருந்தது எனக்கு தெரியவே இல்ல, கொப்புளம் ஆறறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு, உன்கிட்ட சொல்லல. அதே மாதிரி ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வெக்கணுமே, இல்லன்னா இடுப்புல படுக்கைப்புண் வந்துருமே, அந்த ஒரு மணி, மூணு மணி, அஞ்சு மணி எல்லாம் எங்க போச்சுன்னு அம்மா கேக்கறா. யூரின் டியூப் மடங்கி பை நெறையாம நின்னுட்டா தலை வெடிக்கற மாதிரி பிபி ஏறுமே, அது எங்க. அதெல்லாம் காட்டுனா யாரு ஃபீல் குட்டுன்னு சொல்லுவா, நீயே சொல்லு.

அம்மா இன்னொன்னு சொன்னா, அது எனக்கு சுருக்குன்னுச்சு. படத்துல அவர் பொண்டாட்டி முன்னாடியே செத்துப் போயிட்டாங்க, அதுக்கப்புறம்தான் இந்த பையன் வேலைக்கு வரான். நெசமா நடந்த கதைதான் படமாச்சு, ஆனா நெசத்துல அப்படி இல்ல. அந்த ஆளு பேரு பிலிப் போஸோ டி போர்கோ, பெரிய பணக்கார குடும்பம், ஷாம்பெயின் கம்பெனியில பெரிய பொறுப்புல இருந்தவரு, 1993ல பாராகிளைடிங்ல விழுந்து கழுத்துக்கு கீழ போச்சு. அவர் சம்சாரம் 1996 வரைக்கும் இருந்தாங்க, அவங்களே உடம்பு முடியாதவங்க. அல்ஜீரியால பொறந்த அப்தெல் செல்லூங்கற பையன் அவர பாத்துக்க வந்தப்போ அந்தம்மா உயிரோடதான் இருந்தாங்க. "கதைக்கு எடைஞ்சல்னு பொண்டாட்டிய சாகடிச்சிட்டு ரெண்டு ஆம்பளைங்க ஜாலியா கார் ஓட்டறாங்க"ன்னா உங்கம்மா. நான் வாயே தொறக்கல.

ஆனா ஒரு சீன் இருக்கு குட்டிமா, அதுக்காக மத்த எல்லாத்தையும் மன்னிச்சிடலாம். அவரோட நண்பர் ஒருத்தர் வந்து ரகசியமா சொல்லுவாரு, இவன் நகைக்கடை திருட்டுக்கு ஆறு மாசம் உள்ள இருந்தவன், இந்த மாதிரி பசங்களுக்கு எரக்கமே கெடையாது, ஜாக்கிரதைன்னு. அதுக்கு இவரு, அதுதான்யா எனக்கு வேணும், எரக்கமே வேணாம், போன் வந்தா அவன் பாட்டுக்கு என் கைல நீட்டறான், ஏன்னா எனக்கு கை வராதுங்கறதே அவனுக்கு மறந்து போகுதுங்கற மாதிரி சொல்லுவாரு. நான் படத்த நிறுத்தச் சொல்லி அத மட்டும் மறுபடி போடச் சொன்னேன். தம்பி மூணு தடவ போட்டான்.

ஏன்னு சொல்றேன். நீ தினமும் வீடியோ கால் பண்ற, தப்பு சொல்லல. ஆனா யாருக்கு பண்ற? தம்பி போனுக்கு. "அப்பா சாப்பிட்டாரா, அப்பா தூங்கினாரா, மோஷன் போனாரா, இன்னிக்கி மூட் எப்படி இருக்கு"ன்னு அவன கேக்கற. நான் ஒண்ணரை அடி தள்ளி சேர்ல உக்காந்து அத்தனையும் கேட்டுகிட்டு இருக்கேன். கடைசியில போன என் பக்கம் திருப்புவாங்க, நீ முகத்த மாத்திகிட்டு "ஹாய்ப்பா, சூப்பரா இருக்கீங்க போல"ம்ப. சூப்பரா இல்லடி. ஒரு நாள் பல்லு வலி, ஒரு நாள் எரிச்சல், ஒரு நாள் ஒரு காரணமும் இல்லாம அழுகை. எனக்கு கழுத்துக்கு கீழதான் போச்சு, வாய் நல்லாத்தான் இருக்கு, அத நீ அனுபவிச்சிருக்க.

அப்புறம் நீ என்கூட சண்டை போடறத நிறுத்திட்ட. காலேஜ் சேரும்போது எவ்வளவு பெரிய சண்டை, மூணு நாள் பேசல. இப்போ வேலைய விட்டுட்டு வேற கம்பெனிக்கு மாறினத ஒரு மாசம் கழிச்சு அம்மா வழியா கேள்விப்படறேன், "அப்பாவுக்கு டென்ஷன் குடுக்க வேணாம்னு"ன்னு சொன்னியாம். அந்த படத்துல அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு, திமிரு புடிச்சது, பாவம் அப்பா இப்படி இருக்காரேன்னு வீட்ல யாரும் அத எதுவும் கேக்கறதில்ல, அவரும் கேக்கறதில்ல. இந்த பையன்தான், உன் பொண்ண நீ கேக்காம யாரு கேப்பான்னு அவரையே திட்டுவான். எனக்கு அந்த எடம் ரொம்ப புடிச்சுது. உன்ன கேக்கறேன், பிஎஃப் பணத்த மாத்துனியா இல்லையா?

படத்த பத்தி வெளிய திட்டுனவங்களும் உண்டு, தெரியுமா. கறுப்பு பையன் ஆடிப் பாடித்தான் பணக்கார வெள்ளைக்காரனுக்கு உயிர் குடுக்கணுமான்னு அமெரிக்காவுல கேட்டாங்க. ஞாயம்தான். ஆனா அதே படத்துக்காகத்தான் ஓமர் சிக்கு 2012ல சேசர் அவார்டு, அதான் பிரான்சோட பெரிய சினிமா அவார்டு, கெடைச்சுது, அங்க சிறந்த நடிகர் அவார்டு வாங்குன முதல் கறுப்பு நடிகர் அவருதான். ரெண்டும் உண்மைதான் போல. எனக்கு உறுத்தினது வேற. அவ்வளவு பெரிய பங்களா, செக்ரெட்டரி, நர்ஸ், பிசியோ, மசெராட்டி காரு, இவ்வளவு இருந்தா யாரும் கொஞ்சம் ஜாலியா இருந்துக்கலாம். அந்த பையனுக்கு கெடைச்சது என்ன, பாத்டப் வெச்ச ஒரு ரூமு. அதுலயும் கடைசியில அவன் வீட்ல பிரச்சனைன்னு தெரிஞ்சதும் இவரே சொல்லிடறாரு, வாழ்க்கை பூரா நீ சேர் தள்ளிட்டு இருக்க வேணாம், கெளம்புன்னு.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். தம்பி, நிறுத்தாத, அடி.

இவன் நம்ம வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆகுது. ராத்திரி மூணு தடவ எழுந்து என்ன திருப்பறான், ஷேவ் பண்றான், படம் பார்த்ததுல இருந்து பாதி மீசைய விட்டுட்டு கண்ணாடிய காட்டி வெறுப்பேத்தறான். நாலாவது மாசம் ஒரு நாள், டிரைவிங் கத்துக்கணும் சார், லாரி ஓட்டற லைசென்ஸ் வாங்கணும்னான். நான் காதுல விழாத மாதிரி டிவி சவுண்ட ஏத்தச் சொன்னேன். அவன் ஏத்துனான். மறுபடி அவன் அத பத்தி பேசவே இல்ல. நானும் கேக்கல. அவன் லைசென்ஸ் வாங்குனா போயிடுவான்ல, அப்புறம் புதுசா ஒருத்தனுக்கு என் உடம்ப முதல்ல இருந்து காட்டணும். நான் எரக்கம் வேணாம் எரக்கம் வேணாம்னு சேர்ல உக்காந்து பெருசா பேசறேன், இவன் வீட்ல எத்தன பேருன்னு கூட படம் முடிஞ்ச அன்னிக்கி ராத்திரிதான் கேட்டேன். நாலு பேராம். ஒரு தங்கச்சி படிக்குது.

இத சொல்லும்போது நெசமாவே டைப் பண்றத நிறுத்திட்டான். ரெண்டு நிமிஷம் ஃபேன் சத்தம்தான். அப்புறம், "சார், நீங்க சவுண்ட ஏத்தச் சொன்னது எனக்கு அப்பவே தெரியும்"னான். என்ன பதில் சொல்றது. டீ குடிக்கறியான்னு கேட்டேன், அதையும் அவன்தான் போடணும்.

சரி விஷயத்துக்கு வரேன். தம்பியோட டிரைவிங் கிளாஸ் சாயங்காலம் ஆறுல இருந்து ஏழு, செவ்வாய், வியாழன், சனி. அந்த நேரத்துல அம்மா வாக்கிங் போகட்டும், அவளுக்கும் வெளிய போயே நாளாச்சு. என் முன்னாடி போன ஸ்டாண்ட்ல மாட்டி வெச்சிட்டு போவான், யாரும் எடுக்க வேணாம், தானாவே அட்டெண்ட் ஆகற மாதிரி செட்டிங் போட்டாச்சு. என் நம்பருக்கு கூப்பிடு. நடுவுல சொல்றதுக்கு ஆள் இருக்காது, என்கிட்டதான் பேசியாகணும். எனக்கு இருமல் வந்தா பயப்படாத, வேர்த்தா தொடைக்க ஆள் இல்லையேன்னு அழாத, ஏதாவது ஆச்சுன்னா சொல்றதுக்குத்தான் வாய் இருக்கே.

முதல் நாள் கார்த்தியா ஓமர் சியான்னு சண்டை போடலாம். நான் கார்த்தி கட்சி, இப்பவே சொல்லிட்டேன். புது வேலைய பத்தி ரெண்டாவது நாள் வெச்சுக்கறேன், ரெடியா இரு.

திருப்பற நேரம் ஆச்சு, தம்பி லேப்டாப்ப மூடறான்.

அப்பா