அரைக் கட்டணம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செந்தூலிலிருந்து மஸ்ஜிட் ஜாமேக்குக்குத் துணி எடுக்கப் போகும் எங்கள் வட்டாரத்துப் பெரியவர்களில் பலர் இன்னமும் எல்ஆர்டி ரயில் நிலைய இயந்திரத்தில் ரொக்கம் போட்டு அந்த நீல டோக்கனைத்தான் வாங்குகிறார்கள். 60 வயதைத் தாண்டிய மலேசியர்களுக்கு எல்ஆர்டியை நடத்தும் ரேபிட் கேஎல் ரயில்களில் பாதிக் கட்டணம் உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரியவே இல்லை.

டோக்கன் இயந்திரம் யாரிடமும் வயது கேட்காது. நிலைய முகப்பில் மைகார்டு அடையாள அட்டையைக் கொடுத்துச் சலுகை அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கைக்கு வந்ததும் அதில் பணம் ஏற்றி, உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை தொட வேண்டும். அவ்வளவுதான். சாதாரணப் பயணிக்கே ரொக்கக் கட்டணத்தைவிட அட்டைக் கட்டணம் குறைவு. பென்ஷனை நம்பியிருக்கும் ஒருவர் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

போன மாதம் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த சில்லறையோடு எங்கள் பஸ்ஸில் ஏறினார். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. முடிச்சை அவிழ்த்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் படியிலேயே நின்றார். பின்னால் நின்ற மலாய்ப் பெண் ஒருவர் தன் அட்டையைத் தொட்டு, "மாசோக், மக்சிக்" (உள்ளே போங்கம்மா) என்று உள்ளே அனுப்பி வைத்தார். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த அம்மாவின் முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மை50 பயணப் பாஸ் நன்றாகவே தெரியும். 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் 30 நாளைக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். தம்பி, தங்கைகளே, உங்களுக்கு அதை எடுக்கப் போகும்போது சலுகை அட்டை எடுக்க அம்மா அப்பாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். பணம் எப்படி ஏற்றுவது என்றும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். அப்புறம், பத்துமலைக்குப் போகும் கேடிஎம் கொமுட்டர் ரயிலை நடத்துவது வேறு நிறுவனம். அங்கே மூத்தவர்களுக்கான சலுகையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதவர்களை இளைஞர் பிரிவினர் நிலையத்துக்கு அழைத்துப் போகலாம். உங்கள் நாளிதழும் இந்த விவரத்தைப் பெட்டிச் செய்தியாக, கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில் போட்டால் நன்றி உடையவனாக இருப்பேன்.

செந்தூல் வாசகர்,
கோலாலம்பூர்